ஹோட்டலா, வீடா? வெளிநாட்டில் தங்குமிடம் பிடிக்கும்போது செய்யும் தவறுகள்

போன வாரம் அலுவலக நண்பர் போனை நீட்டினார். பாங்காக்கில் 22வது மாடி, இரண்டு படுக்கையறை, அடுப்போடு சமையலறை, மொட்டை மாடியில் நீச்சல்குளம். "ஹோட்டல்ல ரெண்டு ரூம் போடுற காசுல பாதிதான் சார். அம்மாவுக்கு ரசம் வெச்சுக் குடுத்துடலாம்." 2018-ல் பாங்காக் கிளம்பும்போது நானும் வீட்டில் இதையேதான் சொன்னேன், ரசம் உட்பட.

படத்தை நம்பக் கூடாது, விமர்சனம் படிக்க வேண்டும், ரயில் நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

குடியிருப்பு வீட்டை நாள் வாடகைக்கு எடுப்பது

அப்பா, அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகள், நாலு பெட்டி. விமானம் இறங்கி அந்தக் கட்டட வாசலுக்குப் போய்ச் சேரும்போது இரவு பதினொன்றரை. சாவி தபால் பெட்டிக்குள் இருக்கும், பூட்டு எண் இது என்று வீட்டுக்காரர் செய்தி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: "காவலாளி கேட்டால் என் நண்பர்கள் என்று சொல்லுங்கள்." எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

காவலாளி கேட்டார். நண்பர் வீடு என்றேன். நண்பர் பெயர் என்ன என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு செல்லப்பெயர்தான். அவர் ஒன்றும் பேசாமல் லிஃப்ட் பக்கம் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கைகாட்டினார்: நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் அனுமதி இல்லை. வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. அப்பா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார், சின்னவள் தூங்கிவிட்டாள். ஒரு மணிக்குத் தெருமுனை ஹோட்டலில் கேட்ட விலைக்கு இரண்டு அறை எடுத்தோம். முதலில் கட்டிய பணம் வரவில்லை. ரத்து செய்ய முடியாத பதிவு, மலிவாகக் கிடைத்ததே என்று நானே தேடிப் போட்டது.

காவலாளி மேல் தப்பே இல்லை. தாய்லாந்தின் 2004 ஹோட்டல் சட்டப்படி, ஒரு மாதத்துக்கும் குறைவாக வாடகைக்கு விடப் பொதுவாக உரிமம் வேண்டும். அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்கிப் போட்டு விடுகிறவரிடம் அது பெரும்பாலும் இருக்காது. சிங்கப்பூர் இன்னும் கறார்: தனியார் வீடு என்றால் குறைந்தது 3 மாதம், அரசு கட்டிய எச்.டி.பி. வீடு என்றால் 6 மாதம். அங்கே நாலு நாளுக்கு ஒரு வீடு கண்ணில் பட்டால் விலையைக்கூடப் பார்க்காதீர்கள். ஜப்பானில் 2018 ஜூனிலிருந்து முறையாகப் பதிவு செய்த வீடுகளுக்கு அனுமதி உண்டு, ஆண்டுக்கு மொத்தம் 180 நாள் வரை வாடகைக்கு விடலாம். பதிவு எண்ணை விளம்பரத்திலேயே தேடிப் பாருங்கள்.

எரிச்சல் எங்கே வருகிறது என்றால், இதைச் சொன்னதும் "என் மச்சான் போனான், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். பல பேருக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆகிறவனுக்கு நடுராத்திரியில் ஆகும்.

ஓர் அடையாளம் சொல்கிறேன். பாஸ்போர்ட் கேட்கிற இடம் நல்ல இடம். தாய்லாந்தில் வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஜப்பானில் பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்தாக வேண்டும். "அதெல்லாம் எதுக்கு, சும்மா வாங்க" என்பவர் எங்கோ எதையோ மறைக்கிறார்.

சமையலறைதான் முக்கியம் என்றால் சர்வீஸ் அப்பார்ட்மென்ட் பாருங்கள். ஹோட்டல் போல நடத்துகிற வீடுகள் அவை. வரவேற்பில் ஆள் இருப்பார், அடுப்பும் இருக்கும், உரிமம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பாங்காக்கிலும் கோலாலம்பூரிலும் நிறைய. சிங்கப்பூரில் மட்டும் அவற்றிலும் பொதுவாகக் குறைந்தது 7 நாள் தங்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. (அப்புறம், மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் புகை அலாரம் அலறும். பிறகு அப்படி ஓர் இடத்தில் தங்கிய ஐந்து நாளில் நாங்கள் ரசம் வைத்தது ஒரே ஒரு முறை.)

பெரியவர்களோடு ரியோகான்

ஜப்பானியப் பாரம்பரிய விடுதி அழகுதான். பாய்த்தரை, அதன் மேல் விரிக்கும் மெத்தை. முழங்கால் வலி உள்ளவர் அதிலிருந்து காலையில் எழுந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். சைவம் என்றால் இன்னொரு சிக்கல்: காய்கறி வேகவைக்கும் சாற்றிலேயே மீன் இருக்கும். பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆசைக்கு ஒரு ராத்திரி போதும், மிச்ச நாளுக்குக் கட்டில் உள்ள ஹோட்டல்.

ஜன்னல்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் மலிவு ஹோட்டல்களில் ஜன்னலே இல்லாத அறை சகஜம். அறை வகையின் பெயரைக் கடைசி வார்த்தை வரை படியுங்கள்.

"இடுக்கிப் படுத்துக்கலாம்"

நம்மூரில் நடக்கும். அங்கே எத்தனை பேர் என்று எண்ணித்தான் சாவி தருவார்கள்.

மலேசியாவில் 10 ரிங்கிட்

வெளிநாட்டவருக்கு அறைக்கு, ஓர் இரவுக்கு. சுற்றுலா வரி. முழுப்பணமும் கட்டிவிட்டுப் போனாலும் கவுன்டரில் தனியாகக் கேட்கலாம். சண்டை போடாதீர்கள். நான் போட்டேன்.