லூடோ டைஸ் உருட்டி ஒரு நரம்பு செல்லைத் துடிக்க வைக்கலாம்

வியாசர்பாடியில் எங்கள் மாலை டியூஷன் பிள்ளைகளோடு செய்யும் பயிற்சி இது. கம்ப்யூட்டர் வேண்டாம். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டு லூடோ டைஸ், கிராஃப் தாள், பென்சில். எருக்கஞ்சேரி ஹைரோட்டில் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும்.

நரம்பு செல் சும்மா இருக்கும்போது அதன் உள்பக்க மின்னழுத்தம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. அது 15 மில்லிவோல்ட் போல ஏறினால் செல் துடிக்கும், அதாவது சட்டென்று ஒரு மின் துடிப்பை அனுப்பும். ஓய்வு நிலையை 0 என்று வைத்து, 15க்கு நேராக ஒரு கோடு போடுங்கள்.

முதலில் டைஸ் இல்லாமல். 0இல் தொடங்கி, ஒவ்வொரு அடியிலும் கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, 2 கூட்டுங்கள். கழிப்பது சவ்வு வழியே ஒழுகும் மின்னோட்டம். கூட்டுவது வருகிற சிக்னல். 2, 3.6, 4.88... ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். 10ஐ நெருங்கும், தாண்டாது. துடிப்பே வராது.

அப்புறம் அதே கணக்கோடு டைஸை உருட்டுங்கள். சிவப்பில் விழுந்ததிலிருந்து வெள்ளையில் விழுந்ததைக் கழித்து, வருவதையும் சேருங்கள். கையில் 11 என்றால், ஒழுகியது போக 8.8, சிக்னலோடு 10.8. சிவப்பு 6, வெள்ளை 1 விழுந்தால் 15.8. துடிப்பு! புள்ளி வைத்துவிட்டு மறுபடி 0.

டைஸ் சேர்க்கும் இந்தத் தாறுமாறான ஏற்ற இறக்கத்துக்கு இரைச்சல் என்று பெயர். அதன் சராசரி 0. சிக்னல் கொஞ்சம்கூடக் கூடவில்லை, ஆனாலும் செல் துடிக்கிறது. நிஜ செல்லில் டைஸ் உருட்டுவது யார்? அயனிகள் போய்வரும் நுண்வாசல்கள் வெப்ப அசைவால் தாறுமாறாகத் திறந்து மூடுகின்றன. பக்கத்து செல்லும் ஒவ்வொரு துடிப்புக்கும் தவறாமல் ரசாயனத்தை விடுவதில்லை.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். சிக்னலைப் பத்து அடிக்கு 1, அடுத்த பத்து அடிக்கு 2 என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். புள்ளிகள் பெரும்பாலும் 2 வரும் பகுதியில்தான் குவியும். இரைச்சல் இல்லாவிட்டால் இந்த வித்தியாசம் வெளியே தெரியவே தெரியாது. டைஸ் கணக்கை மூன்றால் பெருக்கிச் சேர்த்துப் பாருங்கள், எல்லா இடத்திலும் புள்ளி விழுந்து வித்தியாசம் மங்கிவிடும். அளவு முக்கியம். இரையின் மெல்லிய மின் சிக்னலை உணர்ந்து பிடிக்கும் அமெரிக்காவின் துடுப்புமீன், தண்ணீரில் மிதமான மின் இரைச்சல் இருந்தபோது இன்னும் தள்ளியிருந்த இரையையும் பிடித்ததாக 1999இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வு வந்தது.

நேரம் இருந்தால் சிக்னலை 4 ஆக்குங்கள். டைஸ் இல்லாமல் சரியாக 7ஆவது அடியில் துடிக்கும். டைஸோடு செய்து, பக்கத்தில் இருப்பவரின் தாளோடு ஒப்பிடுங்கள்: இருவரின் புள்ளிகளும் முன்னே பின்னே விழுந்திருக்கும்.