பழைய பஞ்சுக் கிடங்கை அலுவலகமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்தபின் கோவையில் நூற்பாலைகள் பெருகின. அவற்றில் மூடிக்கிடக்கும் கிடங்குகளைத் தொண்டு நிறுவனங்கள் குறைந்த வாடகைக்கு எடுத்து அலுவலகமாக்க முயல்வது நல்ல செய்தி. பட்டா, மின் இணைப்பு, குத்தகைக் காலம் ஆகியவற்றை எவரும் விசாரித்துக்கொள்வர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசுதல்

இந்த ஒன்றை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் மீண்டும் மீண்டும் செய்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. பழைய கிடங்குகள் பலவற்றின் அடித்தளத்தில் ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறும். சுண்ணாம்புக் காரை அதை மெல்ல வெளியேற்றிவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டால், போக வழியற்ற ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. அதில் கரைந்துவரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே உடைக்கிறது.

நான் ஆலோசனை சொல்லப்போன ஒரு கிடங்கில், திறப்பு விழா முடிந்து வந்த முதல் ஐப்பசி மழையிலேயே இடுப்பளவு உயரத்தில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. விரலால் அழுத்தியதும் வெள்ளை உப்பு கொட்டியது. ஒப்பந்ததாரரோ அதன் மேல் நீர்த்தடுப்பு ரசாயனம் அடிக்கச் சொன்னார், அடித்தார்கள். பிறகு சிமெண்ட்டைக் கொத்தி எடுத்தபோது, செங்கல்லும் ரஸ்க் போல உதிர்ந்து கையோடு வந்துவிட்டது. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று திரட்டிய நன்கொடை இப்படி ஒரு சுவருக்குள் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேலை தொடங்குமுன் செங்கல் இணைப்பைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புதான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடித்து, பூச்சு மெதுவாக இறுக அவகாசம் தந்து, மேலே வெள்ளையடிப்பதோடு நிறுத்துங்கள்.

மார்ச் 31-க்காக அவசரப்படுதல்

மேற்சொன்ன தவறுக்குப் பல இடங்களில் இதுவே வேர். வருமானத்தில் 85 சதவீதத்தை மார்ச் 31-ல் முடியும் அந்த நிதியாண்டிலேயே செலவிட வேண்டும் என்ற வரிவிதிக்கு அஞ்சி, சீக்கிரம் காயும் சிமெண்ட்டைத் தேர்கிறார்கள். குறிப்பிட்ட நோக்கத்தை உரிய காலத்தில் அறிவித்து, ஐந்து ஆண்டுகள் வரை பணத்தைச் சேர்த்துவைக்க வழி உண்டு என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டறியுங்கள்.

வடக்குக் கண்ணாடியை மூடுதல்

ரம்பப்பல் போல ஏறியிறங்கும் கூரையில் வடக்கு நோக்கிய கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் நிழல் விழாமல் வேலை செய்வதற்கென்றே அமைக்கப்பட்டது. அதைப் பொய்க்கூரையால் மறைத்துவிட்டுப் பகலெல்லாம் விளக்கெரிப்பது வீண். ஆனால் கோவை ஏறத்தாழ 11 பாகை அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும்; அந்த மாதங்களுக்கு மட்டும் மறைப்பு தேவை.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரை

துளையிடாதீர்கள், அறுக்காதீர்கள்; அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

எண்ணெய் ஊறிய தரை

அதன் மேல் நேரடியாக டைல்ஸ் பதித்தால் நிற்காது.

சாய்தளத்துக்கு இடம் விடாமை

மூட்டை ஏற்றுவதற்காக உயர்த்திய தளம் மூன்றடி இருந்தால், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் சாய்தளம் மட்டுமே 36 அடி நீளும். இடையில் சக்கர நாற்காலி நின்று செல்லச் சமதளமும் வேண்டும். முற்றத்தில் அந்த அளவுக்கு இடம் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அளந்துகொள்ளுங்கள்.