'சின்னதுதானே' என்று விட்டுவிடாதீர்கள்: சிறு இன நாய்க்குட்டி வளர்ப்பில் நேரும் தவறுகள்

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பொமரேனியன் குட்டி செருப்பைக் கவ்விக்கொண்டு உறுமினால் வீடே சிரிக்கும். யாராவது போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். அதையே ஒரு லேப்ரடார் குட்டி செய்தால், அன்று மாலையே பயிற்சியாளரைத் தேட ஆரம்பித்துவிடுவோம். சிவாவா, யார்க்கி, பக், டாக்ஸ்ஹண்ட் எதுவானாலும் கதை இதுதான். நடத்தை என்று வரும்போது 'சின்னதுதானே' என்று விட்டுவிடுகிறோம். உடம்பு என்று வரும்போது மட்டும் அது எவ்வளவு சின்னது என்பது நினைவுக்கு வருவதில்லை.

உடம்பு விஷயத்தில் நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் சிவாவா குட்டி வந்த முதல் வாரம், பார்க்க வந்தவர்கள் மாற்றி மாற்றி மடியில் வைத்துக் கொஞ்சினார்கள். விளையாட்டு சுவாரசியத்தில் அது இரவுச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று நானும் படுத்துவிட்டேன். காலையில் எழுப்பினால் பின்னங்கால்கள் தள்ளாடின, தலை லேசாக நடுங்கியது. கண்ணைத் திறந்து பார்த்ததே தவிர என்னைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார் டாக்டர். மிகச் சிறிய இனக் குட்டிகளின் ஈரலிலும் தசையிலும் சர்க்கரைச் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு வேளை தவறினால்கூடப் போதும், இந்த நிலைக்கு வந்துவிடும். பெரிய நாய்க்குச் சொல்லும் 'இரண்டு வேளை போதும்' இங்கே செல்லாது. மூன்று, நான்கு மாதம் ஆகும்வரை நாளுக்கு நான்கு வேளையாவது வைக்க வேண்டும். கடைசி வேளை நாம் படுக்கப் போகும் நேரத்தில் இருக்கட்டும். தள்ளாட்டமோ நடுக்கமோ தெரிந்தால் கொஞ்சம் தேனையோ சர்க்கரைக் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு, உடனே டாக்டரிடம் கொண்டு போங்கள். மயங்கிக் கிடக்கும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

இதே காரணத்துக்காக, 'ரொம்பக் குட்டியாகக் கிடைத்தது' என்று ஐந்து வாரக் குட்டியைத் தூக்கி வருவதும் தவறு. குறைந்தது 8 வாரம் அது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

அப்புறம், எல்லோரும் புலம்பும் சிறுநீர் விவகாரம். குட்டியின் மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பது இன்னும் நடக்கிறது. இதில் அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: மனிதர் கண்ணெதிரே போகக் கூடாது. அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் போகும். நீங்கள் வெளியே கூட்டிப்போனாலும், பக்கத்தில் நிற்கிறீர்களே என்று அடக்கிக்கொண்டு திரும்பி வரும். குட்டியின் வயது எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம் அடக்கும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். சிறு இனத்துக்கு அதையும் குறைத்துப் பிடியுங்கள், சிறுநீர்ப்பை அவ்வளவு சிறியது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி நின்றதும் தவறாமல் கூட்டிப் போக வேண்டும். நடுவில் தரையை முகர்ந்துகொண்டே வட்டமடித்தால் உங்களுக்கு இருப்பது சில நொடிகள்தான். போய் முடித்ததும் அதே இடத்தில் பாராட்டி ஒரு துண்டு தீனி கொடுங்கள். வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், வீட்டுக்குள் ஓடி வந்ததற்குத்தான் பரிசு என்று அது எடுத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் போய்விட்ட இடத்தை அமோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். சிறுநீர் வாடையின் ஒரு பகுதியே அமோனியாதான், அங்கேயே திரும்ப வரும். நொதி கலந்த துப்புரவுத் திரவம்தான் வாடையை முழுதாக எடுக்கும். சிறுநீரை உறிஞ்சும் பேட் விரித்துப் பழக்குவதில் தப்பில்லை, ஆனால் வீடெங்கும் விரித்துவிட்டால் நாய் மனதில் பதிவது இடம் அல்ல, காலுக்குக் கீழே இருக்கும் மெத்தென்ற பரப்பு. பிறகு கால்மிதியும் அதற்குப் பேட்தான்.

என்னைக் கேட்டால், சிறு இனக் குட்டிக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் கேட்காமல் தூக்குவதுதான். அதன் பக்கம் இருந்து யோசித்துப் பாருங்கள். தரையில் எதையோ முகர்ந்துகொண்டிருக்கிறது, திடீரென்று மேலேயிருந்து இரண்டு கைகள் இறங்குகின்றன, கால் நான்கும் அந்தரத்தில். நாளுக்கு முப்பது தடவை இப்படி. அது முதலில் மெதுவாகத்தான் மறுப்பு சொல்லும்: உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். இதையெல்லாம் யாரும் கவனிக்காதபோதுதான் உறுமுகிறது. உறுமலைப் பார்த்து நாம் சிரிப்போம், அல்லது அதட்டுவோம். அதட்டி அதட்டி உறுமலை நிறுத்திவிட்டால் மிச்சம் இருப்பது கடி ஒன்றுதான். 'எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கடித்துவிட்டது' என்று சொல்லப்படும் நாய்களில் பல ஒரு காலத்தில் எச்சரித்துப் பார்த்தவைதான்.

நாங்கள் ஒரு வழி பழகினோம். தூக்குவதற்கு முன் தரையில் உட்கார்ந்து, 'தூக்கட்டுமா' என்று ஒரே மாதிரி கேட்போம். ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொன்று பின்பக்கத்துக்கு அடியில். இறக்கும்போது நான்கு காலும் தரையைத் தொட்ட பிறகே கையை எடுப்போம். இரண்டு வாரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் அதுவே முன்காலை என் முழங்காலில் வைக்க ஆரம்பித்தது. வராத நாளில் விட்டுவிடுவோம். விருந்தாளிகளுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

தூக்கிக்கொண்டே இருப்பது சரியாகப் பயன்படும் ஒரு காலமும் உண்டு. தடுப்பூசித் தொடர் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் வரையாவது நீளும். அதுவரை வெளியே காட்டவே கூடாது என்று பூட்டி வைக்கிறார்கள். ஆனால் உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய 3 முதல் 14 வாரம்வரைதான். ஊசி முடியும்போது அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியிருக்கும். குடையைக் கண்டாலும் குரைக்கும் நாய் பலமுறை இப்படித்தான் உருவாகிறது. குட்டிகளுக்குக் கடும் வாந்தி பேதி தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் மற்ற நாய்கள் புழங்கும் தரையில் இறக்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிச் சத்தம், தொப்பி வைத்தவர், ஓடும் பிள்ளைகள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டலாம். முப்பது கிலோ இனக் குட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி சீக்கிரமே போய்விடும்.

மற்றவை சுருக்கமாக. கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டி இழுக்காதீர்கள். யார்க்கி, பொமரேனியன், சிவாவா போன்றவற்றுக்கு மூச்சுக்குழல் வளையங்கள் தளர்ந்து அமுங்கும் நோய் வரக்கூடும், மார்பைச் சுற்றும் ஹார்னஸ் நல்லது. சோபாவிலிருந்து குதிப்பது நமக்கு ஒன்றுமில்லை, பென்சில் பருமனுள்ள முன்னங்கால் எலும்புக்கு அது மாடியிலிருந்து விழுவதுபோல. ஒரு சாய்பலகை போடுங்கள். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் எதுவும் ஆகாது. பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. இரண்டு கிலோ உடம்பில் 'ஒரு துளிதானே' என்பது பேச்சே இல்லை.

கடைசியாகப் பல். தினம் அரை நிமிடம் உதட்டைத் தூக்கிப் பார்த்து, விரலால் ஈறைத் தடவி, ஒரு தீனி கொடுத்துப் பழக்குங்கள். பல் துலக்க அதுவே தொடக்கம். பால்பற்கள் நான்காவது மாதவாக்கில் விழ ஆரம்பித்து, ஏழாவது மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிட வேண்டும். சிறு இனங்களில் பழைய கோரைப்பல் விழாமல் புதியது பக்கத்திலேயே முளைப்பது சகஜம். ஒரே இடத்தில் இரண்டு நின்றால் நடுவில் உணவு சிக்கி ஈறு கெடும், பல்வரிசையும் கோணலாகும். ஐந்தாவது மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை கோரைப்பற்களை எண்ணுங்கள். நான்குக்கு மேல் இருந்து, ஓரிரு வாரத்தில் பழையது ஆடாவிட்டால், டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.