ரேடியஸ் வழியே சந்தாதாரர் வேகத்தை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயர்லெஸ் பிராட்பேண்ட் வழங்குவோர் ஒவ்வொரு சந்தாதாரரின் வேகத்தையும் ஒவ்வொரு ரவுட்டரிலும் தனித்தனியாக எழுதி வைப்பதில்லை. உள்நுழைவைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரில் ஒருமுறை பதிந்துவிட்டால், அவர் உள்நுழையும்போதெல்லாம் அனுமதிச் செய்தியோடு சேர்ந்து அந்த மதிப்பும் ரவுட்டருக்குச் சென்றுவிடுகிறது. ஆனால் சர்வரின் வேலை மதிப்பைச் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. அதைப் பொருள்கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துவது ரவுட்டரோ ரேடியோவோதான். ரேடியஸின் விதிமுறை ஆவணமான, 2000ஆம் ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 2865, தனக்குப் புரியாத பண்புக்கூறை (செய்தியில் ஒரு மதிப்பைத் தாங்கிவரும் பெயரிட்ட புலத்தை) சாதனம் புறக்கணிக்கலாம் என்று அனுமதிக்கிறது. ஆகவே தவறான பண்புக்கூறை அனுப்பினாலும் பெரும்பாலும் பிழைச்செய்தி எதுவும் வராது. சந்தாதாரர் இணைந்துவிடுவார், வேக வரம்பு மட்டும் இருக்காது. இந்த மௌனத்தை உடைக்க, ரவுட்டரின் இயல்பு புரொஃபைலில் (ரேடியஸ் எதுவும் சொல்லாதபோது பின்பற்றும் அமைப்பில்) வேண்டுமென்றே குறைந்த வேகம் ஒன்றை எழுதி வைப்பது நல்லது. மைக்ரோட்டிக் நிறுவன ரவுட்டர்களில் ரேடியஸ் தரும் மதிப்பு புரொஃபைலில் உள்ளதை மீறிவிடும் என்பதால் சரியான சந்தாதாரருக்கு இதனால் இழப்பில்லை. மதிப்பு வந்து சேராதவரோ அன்றைக்கே போன் செய்துவிடுவார். அளவின்றி வேகம் கிடைப்பவர் ஒருநாளும் புகார் சொல்லப்போவதில்லை.

திசைக் குழப்பம் அடுத்தது. மைக்ரோட்டிக்-ரேட்-லிமிட் என்ற பண்புக்கூறு, ரவுட்டர் பெறுவதை முதலிலும் அனுப்புவதை அடுத்தும் எழுதச் சொல்கிறது. ரவுட்டர் பெறுவது சந்தாதாரரின் அப்லோட். எனவே 10 எம்பிபிஎஸ் அப்லோட், 50 எம்பிபிஎஸ் டவுன்லோட் உள்ள திட்டத்துக்கு ‘10எம்/50எம்’ என்பதே சரி. பயன்பாட்டு அளவைச் சர்வருக்குத் தெரிவிக்கும் கணக்குச் செய்திகளிலும் (அக்கவுண்டிங்) இதே பார்வைதான்: அவற்றில் ‘இன்புட்’ என்று வருவது சந்தாதாரர் மேலே அனுப்பியது. அதை டவுன்லோடாகக் கொண்டு டேட்டா வரம்பைக் கணக்கிட்டால், நாள் முழுதும் வீடியோ பார்ப்பவர் தப்பித்துக்கொள்வார், கேமராப் பதிவுகளை மேலே அனுப்பும் கடைக்காரர் மாட்டிக்கொள்வார்.

அலகுகளும் ஒன்றுபோல் இல்லை. பல நிறுவனச் சாதனங்களும் ஏற்கும் விஸ்பர் பண்புக்கூறுகள் நொடிக்கு இத்தனை பிட் என்று எதிர்பார்க்கின்றன. கேனபி வகை ரேடியோக்களின் வேகப் பண்புக்கூறுகள் கிலோபிட்டில் எதிர்பார்க்கின்றன. கேனபிக்கு எழுதிய 20000 என்ற எண்ணை விஸ்பருக்கு அப்படியே நகலெடுத்தால், 20 எம்பிபிஎஸ் கேட்டவருக்கு 20 கேபிபிஎஸ் போகும்.

சிறிது நேரம் வரம்பைத் தாண்டிய வேகம் தரும் மைக்ரோட்டிக்கின் பர்ஸ்ட் அமைப்பில் பர்ஸ்ட் நேரம் என்ற எண், கூடுதல் வேகம் நீடிக்கும் நேரம் அன்று. சராசரி வேகத்தைக் கணக்கிடும் காலம். அந்தச் சராசரி த்ரெஷோல்ட் என்ற அளவைத் தாண்டியதும் கூடுதல் வேகம் நின்றுவிடும். வரம்பு 20, பர்ஸ்ட் 40, த்ரெஷோல்ட் 15 எம்பிபிஎஸ், நேரம் 16 நொடி என்று கொடுத்தால், சும்மா இருந்த இணைப்புக்குக் கூடுதல் வேகம் 15 × 16 ÷ 40, அதாவது சுமார் 6 நொடிதான் கிடைக்கும். விளம்பரத்தில் 16 நொடி என்று போட்டுவிட்டுப் பிறகு ரவுட்டரைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஃப்ரீரேடியஸ் என்ற ரேடியஸ் சர்வர் மென்பொருளை எஸ்கியூஎல் தரவுத்தள அட்டவணையோடு ஓட்டுவோர் கவனிக்க வேண்டியது ஆபரேட்டர் குறியை எழுதும் நெடுவரிசை. ‘:=’ என்பது இருப்பதை மாற்றி எழுதும், ‘=’ ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் சேர்க்கும், ‘+=’ இருந்தாலும் இன்னொன்றைச் சேர்க்கும். ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்து, இரண்டிலும் ‘+=’ இருந்தால், ஒரே பதிலில் இரண்டு வேகங்கள் போகும்; எது நடைமுறைக்கு வரும் என்பது அந்தச் சாதனத்தின் விருப்பம். சர்வரை டீபக் (பிழைதேடும்) முறையில் ஓட்டினால், அனுப்பப்படும் பதில் முழுவதையும் திரையிலேயே பார்த்துவிடலாம். அதோடு நிறுத்தாமல், ரவுட்டரில் அந்தப் பெயருக்கு டைனமிக் கியூ (வேகத்தைக் கட்டுப்படுத்தத் தானாக அமையும் வரிசை) உருவாகியிருக்கிறதா, அதில் உள்ள எண் என்ன என்பதையும் பார்க்க வேண்டும்.

கியூ சரியாக இருந்தும் வேகம் மீறுகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது, பாக்கெட்டுகளைக் குறுக்குவழியில் வேகமாகக் கடத்தும் ஃபாஸ்ட்ட்ராக் விதி. அந்த விதிக்குள் போகும் பாக்கெட்டுகள் சிம்பிள் கியூவைத் தொடாமலே கடந்துவிடும். ரேடியஸ் பக்கம் எவ்வளவு தேடினாலும் இது அகப்படாது.

மாத நடுவில் டேட்டா வரம்பு தாண்டியவரின் வேகத்தைக் குறைக்கும் இடத்தில் இரண்டு தவறுகள் சேர்ந்து வருகின்றன. அக்கவுண்டிங்கின் பைட் எண்ணி 32 பிட் அளவுடையது. 4 ஜிபி ஆனதும் மீண்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். எத்தனை முறை அப்படிச் சுற்றியது என்பதைச் சொல்லும் ஜிகாவேர்ட்ஸ் பண்புக்கூறைச் சேர்த்துக் கூட்டாத பில்லிங் மென்பொருளில், ஒரே செஷனில் 100 ஜிபி இறக்கியவரும் 4 ஜிபிக்குள்ளேயே தெரிவார். கணக்குச் சரியாக இருந்தாலும், தரவுத்தளத்தில் வேகத்தை மாற்றுவது நடந்துகொண்டிருக்கும் செஷனைத் தொடாது. ஆர்எஃப்சி 5176 சொல்லும் சிஓஏ (நடப்புச் செஷனின் அனுமதியை மாற்றும்) செய்தியை ரவுட்டருக்கு அனுப்ப வேண்டும். அதற்குரிய போர்ட் 3799. சிஸ்கோ போன்ற சில சாதனங்கள் இயல்பாக 1700இல் காத்திருக்கும். மைக்ரோட்டிக்கில் உள்வரும் ரேடியஸ் செய்தியை ஏற்கும் தேர்வைத் தனியாக இயக்க வேண்டும். செய்தி மறுக்கப்பட்டால் ‘நாக்’ என்று பதில் வரும். அதைப் படித்துப் பதிவு செய்யாத ஸ்கிரிப்ட், எல்லாம் நடந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, ஃபைபரில் இல்லாத, வயர்லெஸ்ஸுக்கே உரிய சிக்கல். ஒரு செக்டரில் (கோபுரத்தின் ஓர் ஆன்டெனா சேவை தரும் பகுதியில்) உண்மையில் பங்கிடப்படுவது அலைவரிசையில் பேசக் கிடைக்கும் நேரம். நல்ல சிக்னலில் 256-க்யூஏஎம் என்ற பண்பேற்ற முறையில் இணைந்தவருக்கு ஒரு சிம்பலில் (ஒருமுறை அனுப்பும் அலைக்குறியில்) 8 பிட் போகிறது. சிக்னல் மங்கி க்யூபிஎஸ்கே என்ற மெதுவான முறையில் நிற்பவருக்கு 2 பிட்தான். ரேடியஸ் இருவருக்கும் 20 எம்பிபிஎஸ் என்றே சொல்லும், ஆனால் பிழைதிருத்தச் சுமையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பின்னவர் நான்கு மடங்கு நேரத்தை எடுத்துக்கொள்வார். உத்தரவாத வேகத்தைப் பலருக்கும் தாராளமாக எழுதிக்கொடுத்து, அவற்றின் கூட்டுத்தொகை செக்டரின் திறனைத் தாண்டிவிட்டால், மாலை நெரிசலில் அந்த உத்தரவாதம் யாருக்கும் இராது. உத்தரவாதப் பண்புக்கூறைக் குரல் அழைப்பு போன்ற சிறு போக்குவரத்துக்கு மட்டும் ஒதுக்குவதும், மங்கிய சிக்னலில் நிற்பவருக்குத் திட்டத்தை விற்கும் முன் ஆன்டெனாவைச் சரிசெய்வதும், சர்வரில் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட அதிகம் உதவும்.