வோல்ட், ஆம்பியர் தெரிந்தால் போதும்: ஓம், வாட் கணக்கு போடுவது எப்படி?

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம், ஆம்பியர் என்பது பாயும் கரண்டின் அளவு. இரண்டே சூத்திரம்தான்:

மின்தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்
திறன் (வாட்) = வோல்ட் × ஆம்பியர்

முதலாவது, ஜெர்மனிக்காரர் ஜார்ஜ் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி. மனப்பாடம் செய்வதைவிட ஒருமுறை அளந்து பார்த்துவிட்டால் மறக்காது. ஆனால் வீட்டு பிளக்கில் கை வைக்காதீர்கள். 12 வோல்ட் போதும்.

தேவையானவை: பைக் பேட்டரி, மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் கருவி), கொஞ்சம் ஒயர், 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. சென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் ஆட்டோ மெக்கானிக் ஷெட்டில் கேட்டுப் பாருங்கள். எல்இடி வேண்டாம், உள்ளே கம்பி இழை இருக்கும் பழைய ரகம்தான் வேண்டும்.

படி 1. பல்பை எரியவிட்டு, மீட்டரை டிசி (பேட்டரி தரும், ஒரே திசையில் பாயும் கரண்ட்) வோல்ட்டில் வைத்து பல்பின் இரு முனையிலும் தொடுங்கள். எரியும்போதுதான் அளக்க வேண்டும். சும்மா இருக்கும் பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். 12.2 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

படி 2. இங்கேதான் கவனம். ஆம்பியர் அளக்க ஒயரை ஓரிடத்தில் பிரித்து, மீட்டரை நடுவில் கோர்க்க வேண்டும். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, குமிழையும் டிசி ஆம்பியருக்குத் திருப்புங்கள். அதே நிலையில் மீட்டரை நேராக பேட்டரியின் இரு முனையில் வைத்தால் ஷார்ட்தான். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது, ஒயர் உருகிவிடும். சரியாகக் கோர்த்தால் சுமார் 1.75 ஆம்பியர் காட்டும். அளந்து முடித்ததும் சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள்.

படி 3. கணக்கு:
12.2 ÷ 1.75 = 6.97 ஓம்
12.2 × 1.75 = 21.35 வாட்

இப்போது பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மீட்டரை ஓம் பக்கம் திருப்பி அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்கும் கீழேதான் வரும்! மீட்டர் பழுதில்லை. டங்ஸ்டன் இழை சூடேறினால் அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறும். சூத்திரம் சொன்னது எரியும்போது இருக்கும் மின்தடை. சுவிட்ச் போடும் நொடியிலேயே நிறைய பல்புகள் ஃபியூஸ் போவதும் இதனால்தான்: இழை குளிர்ந்திருக்கும்போது கரண்ட் அள்ளிக்கொண்டு பாயும்.

படி 4. அடுத்து வீட்டுச் சாமான், அளக்காமல், லேபிளைப் பார்த்து மட்டும். வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டில் 230 வோல்ட், 750 வாட் அயர்ன் பாக்ஸ். இரண்டாவது சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 750 ÷ 230 = 3.26 ஆம்பியர். 230 ÷ 3.26 = 70.5 ஓம்.

கோடை ராத்திரியில் வோல்டேஜ் 190-க்கு இறங்கினால்? அயர்ன் பாக்ஸ் கம்பியின் மின்தடை சூட்டில் பெரிதாக மாறாது. 190 ÷ 70.5 = 2.7 ஆம்பியர். 190 × 2.7 = 513 வாட். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது, சூடோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் கூடவே குறைகிறது, அதனால் அடி இரட்டிப்பு. சட்டை மடிப்பு ஏன் போகவில்லை என்று புரிகிறதா?

இதே கணக்கை ஃபேன், மிக்ஸி, ஃப்ரிட்ஜுக்குப் போடாதீர்கள். ஏசி கரண்டில் (வீட்டுக்கு வரும், திசை மாறி மாறிப் பாயும் கரண்ட்) ஓடும் மோட்டாரில் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது வோல்ட்-ஆம்பியர். உண்மையான வாட் அதைவிடக் குறைவு. அதற்கு பவர் ஃபேக்டர் என்ற இன்னொரு எண்ணாலும் பெருக்க வேண்டும்.