ஏஐ வரைந்த படம் கையில் பொருந்துமா? ஃபுல் ஸ்லீவ் டாட்டூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோளில் தொடங்கி மணிக்கட்டு வரை கை முழுக்கப் பச்சை குத்திக்கொள்வதைத்தான் ஃபுல் ஸ்லீவ் என்கிறார்கள். மாதக்கணக்கில் நடக்கும் வேலை அது. 2022இல் மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற, எழுதியதைப் படமாக வரைந்து தரும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவிகள் எல்லோர் கைக்கும் வந்த பிறகு, டிசைன் தேடும் பாடு ரொம்பக் குறைந்துவிட்டது. நாலு வரி எழுதினால் நாலு படம் வந்து நிற்கிறது. நல்லதுதான். மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாமல் தடுமாறுகிறவருக்கு இது பெரிய உதவி. ஆனால் வந்த படத்தையே முடிந்த டிசைன் என்று எடுத்துக்கொண்டால் அங்கேதான் சிக்கல். ஏஐ திரைக்காக வரைகிறது. டாட்டூ இருக்கப்போவது திரும்பும், மடங்கும், வயதாகும் ஒரு கையில்.

கையைத் தட்டையான காகிதமாக நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஸ்லீவ் டிசைன் கேட்டால் ஏஐ பெரும்பாலும் கையின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும். அந்தப் பக்கம் அமர்க்களமாக இருக்கும். உள்கையில் என்ன வரும், முழங்கைக்குப் பின்னால் என்ன, அக்குள் பக்கம் படம் எப்படி முடிகிறது என்பதெல்லாம் அதில் இருக்காது. அதற்கெல்லாம் பிறகு ஏதாவது போட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டால், ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நீட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை பேனாவால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். இப்போது உள்ளங்கையைக் கீழே திருப்புங்கள். கோடு வளைந்து சுற்றிக்கொண்டு போயிருக்கும். முன்கையில் இருக்கும் இரண்டு எலும்புகளில் ஒன்று, கையைத் திருப்பும்போது மற்றதன் மேல் புரள்கிறது. தோலும் கூடவே போகிறது, மணிக்கட்டுப் பக்கம் அதிகமாக, முழங்கைப் பக்கம் குறைவாக. கோபுரம், வேல், முகம் என்று நேராக நிற்க வேண்டிய எதையும் யோசிக்காமல் அங்கே வைத்தால், கை தொங்கும்போது ஒரு மாதிரியும் நீட்டும்போது வேறு மாதிரியும் தெரியும். முழங்கை முனையில் முகம் வைக்கவே வேண்டாம். விரிந்த பூவோ, வட்டக் கோலம் போன்ற மண்டலாவோ அங்கே நன்றாக உட்காரும். உள்பக்க மடிப்பில் நுணுக்கமான வேலை எதுவும் வேண்டாம், அந்த இடம் நாள் முழுக்க மடங்கிக்கொண்டே இருக்கிறது.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. கையைத் தளரத் தொங்கவிட்டு, சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே டேப் ஒட்டக் கூட இருப்பவரிடம் சொல்லுங்கள். முழங்கை, மடிப்பு, மணிக்கட்டு எங்கே வருகிறது என்று மார்க்கரால் குறித்து, உள்பக்கமாகக் கவனமாக வெட்டி விரித்தால் உங்கள் கையின் வரைபடம் கிடைத்துவிடும். ஏஐ படங்களை நிஜ அளவில் அச்செடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தால், திரையில் பிரமாதமாக இருந்த பாதி விஷயங்களுக்கு இடமே இல்லை என்று புரியும்.

அடுத்தது, துண்டு துண்டாகப் படம் சேர்ப்பது. இன்று ஒரு சிங்கம், நாளை ஒரு கடிகாரம், அப்புறம் ஒரு ரோஜா. ஏஐ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு பாணியில், வேறு திசையிலிருந்து வெளிச்சம் விழும்படி வரையும். எல்லாவற்றையும் கையில் ஏற்றினால் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி ஆகிவிடும். ஜப்பானிய மரபு டாட்டூக்களைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். அங்கே டிராகனோ கோய் மீனோ ஒன்றுதான் முதன்மை. அதன் பின்னால் அலை, மேகம், காற்று என்று ஒரே பின்னணி கை முழுக்க ஓடும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதும் முன்கூட்டியே முடிவான விஷயம். நீங்கள் எந்தப் பாணியில் செய்தாலும் முதலில் பின்னணியை முடிவு செய்யுங்கள். முதன்மை உருவம் ஒன்று, துணை உருவங்கள் இரண்டு மூன்று, வெளிச்சம் ஒரே திசை. இதை ஏஐக்கு எழுதும் எல்லாக் கட்டளையிலும் மாறாமல் எழுதிவந்தால் ஏஐயும் ஓரளவு ஒழுங்காக வரும்.

ஏஐக்கு வெற்றிடம் பிடிக்காது. சொல்லாவிட்டால் எல்லா மூலையிலும் செதில், இறகு, புகை என்று எதையாவது நிரப்பும். டாட்டூ மை தோலின் இரண்டாம் அடுக்கில் தங்குகிறது. அங்குள்ள நோய் எதிர்ப்பு செல்கள்தான் அதை விழுங்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. வருடங்கள் போகப் போகக் கோடுகள் தடிக்கும், அருகருகே இருக்கும் கோடுகள் சேர்ந்துவிடும். இன்று முடியிழை போல் இருக்கும் வேலை பத்து வருடத்தில் சாம்பல் திட்டாகலாம். நிஜ அளவில் அச்செடுத்த படத்தைச் சுவரில் ஒட்டி, மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். என்ன உருவம் என்று உடனே தெரியவில்லை என்றால் அதை எளிமையாக்க வேண்டும். நடுநடுவே வெறும் தோல் தெரிய விடுவதுதான் டிசைனுக்கு மூச்சு.

நிறத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஏஐ வழக்கமாக வெளிர் தோலில்தான் காட்டும். மை இருப்பது தோல் நிறத்தைத் தரும் மெலனினுக்குக் கீழே, அதனால் அதன் ஊடாகத்தான் அது தெரிகிறது. மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் மஞ்சள், வெள்ளை, வெளிர் நிறங்கள் மங்கிவிடும். கறுப்பும் அடர் சிவப்பும் அடர் நீலமும் நன்றாக நிற்கும். கருமையான தோலில் கறுப்பு மையில், நல்ல இடைவெளியோடு செய்த ஸ்லீவுக்கு ஈடே இல்லை என்பது என் கருத்து. கலைஞரைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களைப் போன்ற நிறமுள்ளவர்களுக்குச் செய்து, ஆறிய பிறகு எடுத்த படங்களைக் கேளுங்கள். காயம் பட்டால் தழும்பு புடைத்து வளரும் கெலாய்டு உடல்வாகு உள்ளவர்கள் முதலில் தோல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம், தோளில் அது எளிதில் வரும்.

சாமி உருவம் என்றால் இன்னும் கவனம் தேவை. நடராஜர் கேட்டுப் பாருங்கள். கை ஐந்தாக வரலாம், உடுக்கை இருக்க வேண்டிய கையில் தீ இருக்கலாம், காலடியில் முயலகனே இல்லாமல் போகலாம். சிதம்பரத்து வடிவத்தில் வலது கால் முயலகன் மேல் ஊன்றியிருக்கும், இடது கால் தூக்கியிருக்கும். மேல் வலக்கையில் உடுக்கை, மேல் இடக்கையில் தீ. செல்பி கேமராவிலோ கண்ணாடியிலோ முன்னோட்டம் பார்க்கும்போது படம் இடவலம் மாறிவிடும், அதையும் சரிபார்க்க வேண்டும். வலது காலைத் தூக்கிய நடராஜர் மதுரை வெள்ளியம்பலத்தில் உண்டு. அதை விரும்பிக் குத்திக்கொள்வது வேறு, தெரியாமல் வந்து சேர்வது வேறு. சிக்குக் கோலத்திலும் இதே கதைதான், புள்ளிகளைச் சுற்றி ஓடும் இழை நடுவில் அறுந்திருக்கும். விரலால் தடம் பிடித்துப் பாருங்கள்.

எழுத்தை ஏஐயிடம் விடவே கூடாது. தமிழில் புள்ளியை விழுங்கிவிடும், ஒகரக் கொம்பை இடம் மாற்றும், இல்லாத எழுத்தையே உண்டாக்கும். பெயரோ குறளோ, நீங்களே தாளில் எழுதியோ நல்ல எழுத்துருவில் அச்செடுத்தோ கொடுங்கள். குத்துவதற்கு முன் தோலில் ஒட்டிப் பதிக்கும் கோட்டுப்படமான ஸ்டென்சிலில் வந்த பிறகு தமிழ் நன்றாகத் தெரிந்த இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மரபுப் பச்சைக்குத்தான மோக்கோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவரின் வம்சாவளியைச் சொல்லும் குறிகள் அவை. ஏஐ அவற்றை வெறும் அலங்காரமாகக் கலக்கித் தரும். அதைக் கையில் ஏற்றிக்கொள்வது இன்னொருவர் குடும்ப அடையாளத்தை எடுத்துப் போட்டுக்கொள்வதுதான். அதேபோல், இன்று வேலை செய்துகொண்டிருக்கும் டாட்டூ கலைஞரின் பெயரைக் கட்டளையில் எழுதி அவர் பாணியைப் பிரதியெடுத்து, குறைந்த கூலிக்கு இன்னொருவரிடம் குத்திக்கொள்வதும் நியாயமில்லை.

ராணுவம், துணை ராணுவம் என்று வேலைக்கு முயற்சி செய்கிறவர்கள் இப்போதைக்கு ஸ்லீவை மறந்துவிடுங்கள். துணை ராணுவத் தேர்வில் பொதுவாக இடது முன்கையின் உள்பக்கம் போன்ற சில இடங்களில், அந்தப் பகுதியில் கால்வாசிக்கும் குறைவான அளவில்தான் டாட்டூவை ஏற்கிறார்கள்.

கடைசியில் கலைஞரிடம் போகும்போது ஒரே படத்தை நீட்டி "இதே மாதிரி" என்று கேட்காதீர்கள். மூன்று நான்கு படங்களைக் கொடுத்து, இதில் அலை பிடித்திருக்கிறது, இதில் நிழல் பிடித்திருக்கிறது, இந்த முகம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் கோட்டோவியமாகத் திரும்ப வரைவார். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுங்கள், உங்கள் கைக்கு ஏற்ற டிசைன் பிறப்பது அந்த வேலையில்தான். ஸ்டென்சில் ஒட்டியதும் எழுந்து நின்று, கையை மடக்கி, திருப்பி, தொங்கவிட்டு, கண்ணாடியில் நிதானமாகப் பாருங்கள். சரியாக இல்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லலாம். நல்ல கலைஞர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.