கையிருப்பு கரையும் காலத்தில் கிரேஹவுண்ட் காப்பகம் நடத்துவது எப்படி

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஒரு சிறிய கிரேஹவுண்ட் காப்பகத்தில் நான் அறங்காவலர். கணக்கு வழக்கு என் பொறுப்பு. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற நாய்களை வாங்கி, வைத்தியம் பார்த்து, வீடு தேடிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. 2025 ஜனவரியில் க்ரேஃபோர்ட் நாய்ப் பந்தய ஓடுதளம் மூடியபோது எங்கள் தொலைபேசி ஓயவில்லை. அதே சமயத்தில் நன்கொடை மெலிந்தது, கால்நடை மருத்துவருக்குக் கட்டும் வெட் பில் ஏறியது, தத்தெடுக்க வந்தவர்களும் "கொஞ்சம் யோசித்துச் சொல்கிறோம்" என்று தள்ளிப்போட ஆரம்பித்தார்கள். வேறு ஊர்களில் இப்படிப்பட்ட நாய், பூனை இல்லங்களின் குழுவில் இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். ஒரு நாய் ஒரு நாள் உங்களிடம் இருந்தால் என்ன செலவு? கொட்டகை வாடகை, சம்பளம், மின்சாரம், காப்பீடு, தீனி எல்லாவற்றையும் கூட்டி, நாய்களின் எண்ணிக்கையாலும் நாட்களாலும் வகுங்கள். வைத்தியச் செலவைத் தனியாக வையுங்கள். உதாரணத்துக்கு, அது 15 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாளில் வீடு போகிற நாய்க்கு 450 பவுண்டு. நான்கு மாதம் இருக்கிற நாய்க்கு 1,800. பிரிட்டனில் கிரேஹவுண்ட் பந்தயத்தை ஒழுங்குபடுத்தும் வாரியம் 2020-இல் தொடங்கிய ஓய்வுத் திட்டத்தில் ஒரு நாய்க்கு 400 பவுண்டு என்று வைத்தார்கள், அதில் பாதி உரிமையாளர் பங்கு, பாதி வாரியத்தின் பங்கு. அந்தப் பணமும் வாரியத்தில் பதிவான நாய்க்கு, அவர்கள் ஒப்புக்கொண்ட காப்பகத்துக்கு மட்டுமே வரும். அதை நம்பி நாய் எடுத்தால் ஒரு மாதத்துக்குக்கூடத் தாங்காது என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் குழுக்கூட்டத்தில் பேச்சே மாறிவிடும். "இன்னும் எத்தனை நாய் எடுக்கலாம்?" என்று கேட்டவர்கள், "மூன்று மாதமாக இங்கேயே இருக்கிற மர்ஃபிக்கு ஏன் வீடு அமையவில்லை?" என்று கேட்பார்கள். பெரும்பாலான காப்பகங்களில் பணம் கரைவது அங்கேதான். வந்த வேகத்தில் போய்விடுகிற நாய்களால் யாரும் கடன்பட்டதில்லை. ஆகவே கொட்டகை அலுவலகப் பலகையில் ஒவ்வொரு நாயின் பெயருக்குப் பக்கத்திலும் வந்த தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள். தினமும் எல்லோர் கண்ணிலும் படட்டும்.

அடுத்தது கையிருப்பு. நாளையிலிருந்து ஒரு காசு வரவில்லை என்றால் எத்தனை வாரம் ஓடும்? இதைச் சொல்லும்போது, குறிப்பிட்ட நோக்கத்துக்காக வந்த பணத்தைச் சேர்க்கக் கூடாது. வேலி போட என்று ஒருவர் கொடுத்த தொகையில் வெட் பில் கட்ட உங்களுக்கு உரிமை இல்லை, வங்கியில் ஒரே கணக்கில் கிடந்தாலும் சரி. இனி வேண்டுகோள் விடும்போது, "தேவைக்கு மேல் சேர்ந்தால் காப்பகத்தின் பொதுச் செலவுக்குப் பயன்படுத்துவோம்" என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். அந்த ஒரு வரி பிறகு எத்தனையோ தலைவலியை மிச்சப்படுத்தும். எத்தனை வாரக் கையிருப்பு மிஞ்சும்போது புது நாய் எடுப்பதை நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்து, கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள். கதவருகில் ஒரு நாய் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது அந்த முடிவை யாராலும் எடுக்க முடியாது. என்னாலும் முடியாது.

இப்போது எல்லாவற்றிலும் கடினமான விஷயத்துக்கு வருகிறேன்: நாய் எடுக்க முடியாது என்று சொல்வது.

பந்தயம் ஒழிய வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. 2025 பிப்ரவரியில் வேல்ஸ் அரசு தடை கொண்டுவரப் போவதாக அறிவித்தபோது மனதார மகிழ்ந்தேன். ஆனால் தொலைபேசியில் ஒரு பயிற்சியாளர் "என்னிடம் நான்கு நாய் இருக்கிறது" என்று சொல்லும்போது, என் கருத்தை அவர் காதில் போடுவதால் அந்த நான்கு நாய்களுக்கும் ஒரு பயனும் இல்லை. அவர் அடுத்த முறையும் நம்மை அழைக்க வேண்டும், அதுவும் சீக்கிரமாக அழைக்க வேண்டும். சமூக ஊடகத்தில் பயிற்சியாளர்களைத் திட்டிப் பதிவு போட்டால் விருப்பக்குறிகள் குவியும், அழைப்புகள் நின்றுபோகும். அந்த நாய்கள் எங்கே போகும் என்று நமக்குத் தெரியவே தெரியாது. உங்கள் காப்பகத்தின் பெயரில் யார் பதிவு போடலாம், எதைப் பற்றிப் போடலாம் என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

வெறுமனே "இடம் இல்லை" என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். தேதி கொடுங்கள். "ஒன்றை வரும் வெள்ளிக்கிழமை எடுக்கிறேன். மற்ற மூன்றையும் மாதக் கடைசி வரை உங்கள் கொட்டகையிலேயே வைத்திருக்க முடியுமா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். நாய் ஏற்கெனவே அவர்கள் கூரைக்குக் கீழேதான் தூங்குகிறது. காத்திருக்கும் நாளில் ஆக வேண்டியதைப் பாருங்கள். வயது, காதுக்குள் பச்சை குத்தியிருக்கும் அடையாளக் குறி, மைக்ரோசிப் எண், பழைய காயம், கருத்தடை ஆயிற்றா, பூனையைப் பார்த்தால் என்ன செய்கிறது, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த வாய்ப் படத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கிரேஹவுண்டுக்குப் பெரிய செலவு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. முன்பற்கள் வெள்ளையாகத்தான் தெரியும். உதட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் மேலே தூக்கிக் கடைவாய்ப் பக்கம் பார்த்தால், பல்லின் மேல் பழுப்பாய்க் கெட்டியாய் ஒரு காரை படிந்திருக்கும். ஈறு ஓரம் சிவந்து வீங்கியிருக்கும். நாற்றம் மூக்கைப் பிடிக்க வைக்கும். கூழாகக் கரைத்த தீனியிலேயே வளர்ந்த வாய் அது. எத்தனை பல் பிடுங்க வேண்டியிருக்கும் என்று மருத்துவரிடம் படத்தைக் காட்டி உத்தேசமாகக் கேட்டுவிட்டால், நாய் வருவதற்கு முன்பே செலவு தெரிந்துவிடும். கருத்தடையையும் பல் வைத்தியத்தையும் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்றும் கேளுங்கள். செலவும் குறையும், நாய்க்கும் ஒரு முறையோடு போகும்.

மருத்துவரைப் பற்றி இன்னொன்று. கிரேஹவுண்ட் உடம்பை அறிந்தவரைத் தேடிப் பிடியுங்கள். இந்த இனத்துக்குத் தைராய்டு அளவு இயல்பிலேயே மற்ற நாய்களைவிடக் குறைவு, சிவப்பணு அளவு அதிகம். இது தெரியாதவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு இல்லாத நோய்க்கு மாதாமாதம் மாத்திரை எழுதிவிடுவார். சில வகை மயக்க மருந்துகள் இவற்றின் உடலிலிருந்து வெளியேற வெகுநேரம் ஆகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் கட்டுகிறோம் என்றோ தவணையில் கட்டுகிறோம் என்றோ கேட்க வெட்கப்படாதீர்கள். பில் நிலுவையில் விழுந்த பிறகு கேட்பதைவிட, விழுவதற்கு முன் கேட்டால் மரியாதை மிஞ்சும்.

செலவைக் குறைக்கும் மிகப் பெரிய வழி, நாய்களைக் கொட்டகையிலிருந்து வீடுகளுக்குத் தற்காலிகமாக அனுப்புவது. தீனியும் வைத்தியமும் நம் செலவு, இடமும் அன்பும் அவர்கள் பொறுப்பு. கொட்டகையில் மூலையில் ஒடுங்கிக் கிடந்த நாய் ஒரு வீட்டு சோபாவில் நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்கும் படம் ஒன்று வந்தால் போதும், தத்துக்கு விசாரிப்பு வந்துவிடும். கறுப்பு நாய்களுக்கு இது இன்னும் முக்கியம். கம்பிக்குப் பின்னால் எடுத்த படத்தில் அவற்றின் முகமே தெரியாது. மர்ஃபிக்கும் இப்படித்தான் வழி பிறந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்துத்தான் ஒரு குடும்பம் எழுதிக் கேட்டது.

ஆனால் வீட்டுக்கு அனுப்பும் முன் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். இந்த நாய்கள் வீடு என்பதையே பார்த்திருக்காது. கண்ணாடிக் கதவில் நேராகப் போய் மோதும், ஆகவே கண் உயரத்தில் காகிதம் ஒட்டச் சொல்லுங்கள். மாடிப்படி ஏறிவிடும், இறங்கத் தெரியாமல் மேலே நின்று அழும். ஒவ்வொரு படியாக அதன் முன்காலைப் பிடித்து வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுச் சீறலாம், எனவே குழந்தைகளிடம் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். கழுத்து தலையைவிடப் பருமன் என்பதால் சாதாரணப் பட்டை நழுவிவிடும். இழுத்தால் இறுகும் அகலமான பட்டையும் உடம்புப் பட்டையும் இரண்டும் போட்டு, இரண்டிலும் கயிறு மாட்ட வேண்டும். பட்டையில் பெயரும் முகவரியும் பொறித்த வில்லை இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே கை ஃபாக்ஸ் இரவான நவம்பர் 5-ஐ ஒட்டிய பட்டாசு நாட்களில் மாலை வெளிச்சம் போகும் முன்பே நடையை முடித்துக்கொள்ளட்டும்.

நம்மவர்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் நாயா என்று முதலில் தயங்குவார்கள். கிரேஹவுண்ட் அதிகம் குரைக்காது, பெரிதாக வாடை வராது, நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் என்று நேரில் பார்த்த பிறகு மனம் இளகும். சாமி அறைக்கும் சமையலறைக்கும் குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பு வாயில் ஒன்று கொடுத்தனுப்புங்கள். வெங்காயமும் உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்பதை அழுத்திச் சொல்லுங்கள். சர்க்கரைப் பொங்கலை அன்போடு ஊட்டிவிடுகிற பாட்டிமார் இருக்கும் வீடு என்றால் இரண்டு முறை சொல்லுங்கள்.

இனிப் பணம். வருகிற நன்கொடையில் விட்டுப்போன வரிப்பணத்தை முதலில் எடுங்கள். வரி கட்டுகிறவர் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் கொடுத்த ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் வரித்துறையிடமிருந்து வரும். நான்கு ஆண்டுக்குப் பின்னோக்கியும் கேட்கலாம். பழைய பேரேடுகளை ஒரு சனிக்கிழமை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். உண்டியலிலும் அட்டை தட்டும் கருவியிலும் விழுகிற 30 பவுண்டுக்கு உட்பட்ட சிறு நன்கொடைகளுக்குப் படிவமே வேண்டாம். ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரை அதற்கும் 25 சதவீதம் கிடைக்கும், ஆனால் அதே வரியாண்டில் வழக்கமான கிஃப்ட் எய்டும் கோரியிருக்க வேண்டும். தத்துக் கட்டணம் என்று நிர்ணயித்து வாங்கும் பணத்துக்கு இது பொருந்தாது. அதற்கு மேல் அவர்களாக மனமுவந்து கொடுப்பதற்கு மட்டும் கேளுங்கள்.

தீனி மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். வேலை நாய்களுக்கென்றே விற்கப்படும் தீனிக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது, சாதாரண நாய்த் தீனிக்கு 20 சதவீதம் உண்டு. வேலை நாய்த் தீனியிலேயே புரதம் குறைந்த வகையை எடுத்தால் ஓய்வு பெற்ற நாய்க்கு ஒத்துக்கொள்ளும். சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால், முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீட்டில் 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 10,500 பவுண்டு வரை தள்ளுபடி உண்டு, அறக்கட்டளைகளும் கேட்கலாம். சம்பளப் பட்டியல் போடுகிறவரிடம் இதைச் சேர்த்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இந்த நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, குளிர் தாங்காது. கொட்டகை முழுவதையும் சூடாக்குவதைவிட, பழைய ரஜாய்களும் நாய்க் கோட்டுகளும் தரச் சொல்லிக் கேளுங்கள். பணம் கொடுக்க இயலாதவர்கள் ரஜாயைச் சந்தோஷமாகக் கொண்டுவந்து தருவார்கள்.

உதவி கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். "எங்களிடம் பத்து வாரத்துக்குத்தான் பணம் இருக்கிறது, ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு இவ்வளவு ஆகிறது" என்று எழுதினால் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். மாதாமாதம் ஐந்து பவுண்டு தருகிற ஐம்பது பேர் உங்களுக்குத் தூக்கத்தைத் தருவார்கள். ஒரே தடவையில் வரும் பெரிய தொகையை வைத்துச் சம்பளத்துக்குத் திட்டம் போட முடியாது.

ஆட்களைக் கவனியுங்கள். நிதிக் கவலை வந்தால் குழு இரண்டுபடும். நாய்தான் முதலில் என்பார்கள் ஒரு பக்கம், கணக்குதான் முதலில் என்பார்கள் மறுபக்கம். இரு தரப்பும் நாயின் மேல் உள்ள பாசத்தால்தான் சண்டை போடுகிறார்கள் என்பதைத் தலைவராக இருப்பவர் உரக்கச் சொல்ல வேண்டும். எலும்புப் புற்றுநோய் வந்த நாயை ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவைக்கும் நாளில், அதைத் தினமும் நடத்திச் சென்ற தன்னார்வலரைக் கேட்காமல் முடித்துவிடாதீர்கள். அவர் உடனிருக்க விரும்பினால் இருக்கட்டும். மறுநாள் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.

எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால், பணம் முற்றிலும் தீருவதற்கு முன்பே பக்கத்துக் காப்பகத்தோடு இணைவது பற்றிப் பேசுங்கள். கையில் மூன்று மாதச் செலவு இருக்கும்போது பேசினால் அவர்கள் நாய்களையும் ஆட்களையும் எடுத்துக்கொள்ள யோசிப்பார்கள். கடனோடு போனால் நாய்களை மட்டும், அதுவும் சுலபமானவற்றை மட்டும்தான் எடுப்பார்கள். காப்பகம் சட்டப்படி தனி நிறுவனமாகப் பதிவாகியிருக்கிறதா, அறங்காவலர்களே சொந்தமாகக் கடனுக்குப் பொறுப்பா என்பதை ஆளுகை ஆவணத்தை எடுத்துப் பார்த்து, ஐயமிருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள். பெரிய நிதி இழப்பு என்றால் அறக்கட்டளை ஆணையத்துக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை.

மூடுவதானாலும் இணைவதானாலும் ஒரு வேலை கட்டாயம் மிச்சமிருக்கும். தத்துக் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும், "எப்போது முடியாமல் போனாலும் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். அந்த வாக்கை இனி யார் காப்பாற்றுவார்கள் என்று புதிய காப்பகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். பிறகு பழைய தத்துப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, எல்லா வீட்டுக்கும் புது தொலைபேசி எண்ணோடு கடிதம் அனுப்புங்கள். மைக்ரோசிப் பதிவில் இரண்டாம் தொடர்பாக நம் காப்பகத்தின் எண் இருந்தால் அதையும் மாற்றச் சொல்லி அதே கடிதத்தில் எழுதுங்கள்.